முதல்நூலும் வழிநூலும்: ஸ்டாண்டர்டு ஹெரால்டு மகிழுந்தின் இரு பருவங்கள்

நூல்களை முதல்நூல், வழிநூல் எனப் பகுத்து, தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என வழிநூலின் வகை நான்கையும் வரையறுத்துத் தந்தது தொல்காப்பியம். இந்தப் பாகுபாடு எண்ணெய்க் கறை படிந்த கைகளுக்கு உரியோரிடத்தும் வழங்குகின்றது என்றால் புலவர் சிலர் புன்முறுவல் பூக்கக்கூடும். ஆயினும் பழைய மகிழுந்துகளைப் போற்றி வைத்திருப்போர் நடுவே ஸ்டாண்டர்டு ஹெரால்டு பற்றிய பேச்சு எழுமாயின், அது இந்த வழக்கில்தான் சென்று முடிகின்றது. முற்பட்ட இருகதவு வண்டியே மூலம், பின்னையது சிதைவு என்பார் ஒரு சாரார். பின்வந்த நாற்கதவு வண்டியே நம்முடையது, முன்னையது வெறும் படி என்பார் மறுசாரார்.

இவ்வழக்கின் வேர் நாட்டு வரலாற்றில் இருக்கின்றது. 1949-இல் முழு மகிழுந்துகளின் இறக்குமதி தடுக்கப்பட்டது. 1953-இல் சுங்கவரி ஆணையத்தின் பரிந்துரைப்படி, உதிரி உறுப்புகளைத் தருவித்துப் பூட்டித் தருவதோடு நின்ற நிறுவனங்களுக்கு இடமில்லை என்றாயிற்று. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் நாட்டை விட்டு நீங்கின. மகிழுந்து செய்வதற்கு எஞ்சியவை முதன்மையாக மூன்று: வங்கத்து இந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாய்ப் பிரீமியர், சென்னையை அடுத்த வண்டலூரில் ஆலை கொண்ட ஸ்டாண்டர்டு. அம்பாசடரையும் பத்மினியையும் நாடே அறியும். தமிழ் மண்ணில் உருவான மூன்றாவதைத் தமிழரே பாதி மறந்துவிட்டனர்.

ஹெரால்டின் முதல்நூல் இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்த டிரையம்ஃப் ஹெரால்டு. வடிவம் தந்தவர் இத்தாலியக் கலைஞர் ஜியோவன்னி மிக்கெலோட்டி. ஹெரால்டு என்பதைக் கட்டியங்காரன் என்று பெயர்க்கலாம். ஆனால் சிந்தாமணி படித்தோர் அப்பெயரை விரும்பமாட்டார். அக்காலத்து மகிழுந்துகள் பலவும் அடிச்சட்டமும் மேலுடலும் ஒன்றாய் வார்த்தாற்போல் வரத் தொடங்கியிருக்க, ஹெரால்டு மட்டும் தனி அடிச்சட்டத்தின்மேல் மேலுடலைத் துண்டு துண்டாகத் திருகாணியிட்டுப் பொருத்தும் பழைய முறைக்குத் திரும்பியது. மேலுடல் செய்து தந்த ஆலை போட்டி நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டதே இதன் காரணம். நெருக்கடியால் நேர்ந்த இந்த அமைப்பு, கடல் கடந்த நாடுகளில் பூட்டிச் செய்வதற்கு மிக ஏற்றதாய் அமைந்தது. 1961-இல் வண்டலூரில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு உருவாகத் தொடங்கியதற்கு இதுவும் ஒரு துணை.

முற்பருவ வண்டியைப் புகழ்வோர் முதலில் காட்டுவது அதன் திருப்பத்தை. ஏறத்தாழ 25 அடி விட்டத்துக்குள் முழுவட்டம் இட்டுவிடும். சூரமங்கலத்தில் இருக்கும் சேலம் சந்திப்பில் இரயிலிறங்கி ஏற்காடு செல்வோர், சேர்வராயன் மலைமேல் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தாக வேண்டும். அப்பாதையை அறிந்த எவருக்கும் இந்த அளவின் அருமை புரியும். ஏற்றத்தில் 948 கன சென்டிமீட்டர் எந்திரம் மூச்சு வாங்கும் என்பதையும் உடன் சொல்லியாக வேண்டும். ஏறத்தாழ 35 குதிரைத்திறன் கொண்டு நால்வரை மலையேற்றுவது எளிதன்று.

அடுத்து வருவது பின்அச்சு. கருத்து வேறுபாடு முற்றுவது இங்கேதான். மாட்டுவண்டியின் அச்சு ஒரே தண்டு. ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் மற்றதும் சாயும். ஹெரால்டிலோ, நடுவிலிருந்து இருபுறமும் தனித்தனியே ஊசலாடும் அரையச்சுகள். அவற்றைத் தாங்குவது குறுக்கே கிடக்கும் ஒற்றை வில்பட்டை. ஒரு சக்கரத்தின் துன்பத்தை மற்றது அறியாது. அக்காலச் சிறுவண்டிகளில் இது அரிய வசதி. ஆனால் சுமை ஏறினால் சக்கரங்களின் மேல்விளிம்பு உட்புறம் சாயும், டயரின் உள்ளோரம் தேயும். விரைந்து வளையும்போது திடீரென வேகத்தைத் தளர்த்தினால் பின்புறம் எழும்பிப் புறச்சக்கரம் உள்மடங்கும். இருவர் செல்லும் ஆங்கில ஊர்ப்பாதைக்கு எண்ணிய அமைப்பின்மேல், இங்கே பாட்டியும் பேரனும் அரிசி மூட்டையும் ஏறினர். குறை நம் பட்டறைகளின் அறியாமை என்பார் உளர். அது முழு உண்மையன்று. அந்த அமைப்பைப் படைத்த நிறுவனமே தன் பிற வண்டிகளில் 1968 முதல் 1970-க்குள் அதைத் திருத்திக்கொண்டது. முன்சக்கரத்தின் திருப்பு மூட்டைப் பற்றி மட்டும் பட்டறைகளைக் குறை கூறலாம்: எண்ணெய் இடவேண்டிய அவ்விடத்தில் வழக்கம்போல் கிரீஸ் அடைத்ததால் அது முறிந்த வண்டிகள் உண்டு.

1960-களின் நடுவில் இரண்டாம் வடிவமும், அப்பத்தாண்டின் இறுதியில் மூன்றாம் வடிவமும் வந்தன. அந்த மூன்றாம் வடிவத்தில் வண்டலூரார் செய்த செயல் துணிவானது. நான்கு கதவுகள் வைத்தனர். இங்கிலாந்தில் ஹெரால்டு திறந்த கூரையோடும், பின்புறம் நீண்ட உடலோடும் வந்ததுண்டு. நாற்கதவோடு வந்ததே இல்லை. முன்னிருக்கையை மடக்கி, குனிந்து, புடவைக் கொசுவத்தைத் திரட்டிப் பிடித்துக்கொண்டு பின்னே ஏறவேண்டிய மூத்த பெண்டிரின் பாட்டை முதல்நூலாசிரியர் எண்ணியிருக்க வழியில்லை. முற்பருவத்தின் தூய கோட்டழகைப் பாராட்டுவோர் பெரும்பாலும் ஆடவர் என்பதும் அவர்கள் அமர்வது முன்னிருக்கை என்பதும் தற்செயல் ஆகா.

1970-களின் தொடக்கத்தில் இதே வழியில் கெசல் என்னும் வண்டி பிறந்தது. மானினம் ஒன்றின் ஆங்கிலப் பெயர் அது. சங்கச் சொல்லால் நவ்வி எனலாம். எந்திரம் பழைய 948. பின்அச்சோ ஊசலாட்டம் நீங்கி ஒரே தண்டாகிவிட்டது. பயண இதம் சற்றுக் குறைந்து, நம்பிக்கை கூடியது. விற்றவை மிகச் சில. உரிமத்தை இழவாமல் காக்கவே செய்யப்பட்டது என்று கூறுவாரும் உளர். 1977-இல் அதுவும் நின்றது. பின்னர் 1985-இல் வெளிவந்த ஸ்டாண்டர்டு 2000 சில ஆண்டுகளே நிலைத்தது. ஆலையும் மறைந்தது.

எது மூலம் என்னும் வழக்கு பொழுதுபோக்காய்த் தோன்றலாம். ஆனால் அதன் விளைவு பட்டறையில் தெரிகின்றது. முற்பருவ ஹெரால்டுக்கு இங்கிலாந்தில் இன்றும் ஆர்வலர் சங்கங்கள் உண்டு. 1977-இல் தோன்றிய டிரையம்ஃப் ஸ்போர்ட்ஸ் சிக்ஸ் சங்கம் அவற்றுள் ஒன்று. மூட்டும் முத்திரையும் முகப்பும் புதிதாகவே செய்து விற்கப்படுகின்றன. பணமுடையவர் முற்பருவ வண்டியை மீட்டெடுத்துவிடலாம். நாற்கதவு ஹெரால்டின் பின்கதவுக்கோ, கெசலின் அச்சுறுப்புக்கோ உலகில் எங்கும் கடை இல்லை. அதை அறிந்த டிங்கரிங் கைவினைஞர் தகட்டைத் தட்டித் தட்டித்தான் உருவாக்க வேண்டும். லாரிக்கு மேலுடல் கட்டும் தொழிலில் பேர்பெற்ற நாமக்கல், திருச்செங்கோட்டு வட்டாரத்தில் அத்தகைய கைகள் உள்ளன. அளவெடுப்பதற்கு ஒரு முழுக்கதவு கிடைப்பதுதான் அரிது.

சேலம் இராமசாமி முதலியார் 1880-இல் கும்பகோணத்தில் உ.வே. சாமிநாதையரிடம் சிந்தாமணி படித்ததுண்டா என்று வினவினார். அவ்வினாவின் பின்னர் ஐயர் ஊர் ஊராய்ப் பல படிகளைத் தேடி ஒப்பிட்டு, 1887-இல் அந்நூலைப் பதிப்பித்தார். பல படிகள் இருந்ததால்தான் ஒப்பீடு இயன்றது. முற்பருவ ஹெரால்டுக்குக் கடலுக்கு அப்பால் எத்தனையோ படிகள் கிடைக்கின்றன. நம் ஆலையில் நாமே விரித்தெழுதிய பாடத்துக்குத்தான் படி இல்லை. மூலத்தை மட்டுமே போற்றுவோர் இவ்வேறுபாட்டை எண்ணுவதில்லை. பின்பருவ வண்டியைப் பிரித்து, முற்பருவ வண்டிக்கு உறுப்பு எடுக்கவும் தயங்குவதில்லை.

2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்ந்த திருத்தம் இவ்வழக்குக்குச் சட்டத்தின் கூர்மையையும் தந்துவிட்டது. முதற்பதிவு நாளிலிருந்து 50 ஆண்டு கடந்து, மூல வடிவம் மாறாமல் காக்கப்பட்ட ஊர்தியே பழஞ்சிறப்பு ஊர்தியாகப் பதியத் தக்கது. அன்றாடப் போக்குவரத்துக்கு அதைப் பயன்படுத்தலாகாது. மூல வடிவம் என்பது வண்டலூரிலிருந்து வெளிவந்த வடிவமா, இங்கிலாந்தில் வரையப்பட்ட வடிவமா? சட்டத்தின் நோக்கில் ஐயமில்லை. ஆலையை விட்டு வந்தபடி இருக்கும் நாற்கதவு வண்டி, தன்னளவில் மூலமே. ஊசலச்சைக் கழற்றி ஒற்றைத் தண்டு பூட்டிய ஹெரால்டும், ஆங்கில உறுப்புகளால் அழகுசெய்த இருகதவு ஹெரால்டும் விடை சொல்ல வேண்டியவை. கடைசிக் கெசல்களுக்கு 2027-இல் 50 ஆண்டு நிறைகின்றது. அதற்குள் ஒரு பின்கதவின் அளவையேனும் தாளில் வரைந்து வைப்பதற்கு, அதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த முதியோர் இன்னும் இருக்கின்றனர்.