எங்கே வசிக்கிறாய்? எந்த ஊர்?

பசறைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றில், ஆங்கில ஆசிரியர் வராத ஒருநாள், தமிழாசிரியனாகிய நான் அவரது வகுப்பைப் பார்த்துக்கொள்ள நேர்ந்தது. 'வேர் டு யூ லிவ்?', 'வேர் ஆர் யூ ஃப்ரொம்?' என்னும் இரு வினாக்களுக்கும் விடை எழுதுவதே அன்றைய பாடம். முதல் வினாவுக்குத் தன் தோட்டத்தின் பெயரை எழுதிய ஒரு மாணவன், இரண்டாவதற்குத் திருச்சிராப்பள்ளிச் சீமையிலுள்ள ஒரு கிராமத்தின் பெயரை எழுதியிருந்தான். அவன் மட்டுமல்லன், அவன் தந்தையும் அக்கிராமத்தைக் கண்டதில்லை. "வீட்டுல அப்படித்தான் சொல்லுவாங்க, சேர்" என்றான்.

பிழையென்று கோடிட என் கை எழவில்லை. ஒன்றுபோல் தோன்றும் இவ்விரு வினாக்களுக்கும் இடையிலுள்ள நூலிழை வேறுபாட்டில்தான், ஊவாவின் தோட்டத் தொழிலாளரது ஒரு நூற்றாண்டு வரலாறு சிக்குண்டு கிடக்கிறது.

1928இல் டொனமூர் ஆணைக்குழு சர்வசன வாக்குரிமையைச் சிபாரிசு செய்தபோது, ஐந்தாண்டு வசிப்பு என்னும் நிபந்தனையையே விதித்தது. ஆனால், 1931இல் தேர்தற் சட்டம் உருவானபோது, இந்தியத் தொழிலாளரைப் பொறுத்தவரை வசிப்பு மட்டும் போதாதென்றாயிற்று. 'டொமிசைல்' என்ற சொல் உட்புகுந்தது. வசித்தல் என்பது கண்ணாற் காணத்தக்கது. ஆனால் டொமிசைலோ, இங்கேயே நிலைத்துவிடும் எண்ணம் உள்ளத்தில் உண்டா என வினவுவது. காலை முதல் மாலைவரை கொழுந்து பறிப்பவளின் உழைப்பை நிறுத்துக் கணக்கிட்டவர்கள், அவளது உள்ளத்தையும் நிறுக்க முற்பட்டனர்.

ஆயினும் 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் மலையக மக்கள் வாக்களித்தனர். இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் ஏழு பேர் பாராளுமன்றம் சென்றனர். பதுளைத் தொகுதியிலிருந்து சென்றவரும் அவருள் ஒருவர். மறு ஆண்டே நிலைமை தலைகீழாயிற்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்தமையையே போதிய தகுதியாகக் கொள்ளவில்லை. தந்தை இங்கு பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருத்தல் வேண்டும். 'எங்கே பிறந்தாய்?' என்ற வினா, 'உன் தந்தை எங்கே பிறந்தார்?' என மாறிற்று. லயக் காம்பராவிற் பிறந்த தந்தைக்குப் பிறப்புச் சான்றிதழைத் தேடி எங்கே செல்வது?

1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் பதிவுப் பிரஜாவுரிமைக்கு வழி வகுத்தது. அங்கே 'வசிப்பு' மட்டும் போதவில்லை. 'இடையறாத வசிப்பு' கேட்கப்பட்டது. மணமானவர் ஏழாண்டும், ஏனையோர் பத்தாண்டும் 1946 ஜனவரிக்கு முன்னர் இங்கு தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். 'இடையறாத' என்ற ஓர் அடைமொழி எத்தனை குடும்பங்களைத் தடுத்து நிறுத்திற்று! விண்ணப்பித்தோர் எட்டு இலட்சத்துக்கும் மேல். உரிமை பெற்றோரோ ஒன்றரை இலட்சத்துக்கும் குறைவு. வாக்குரிமை பிரஜைகளுக்கு மட்டுமே என்றானதால், 1952ஆம் ஆண்டுத் தேர்தலின்போது மலையகத்தின் குரல் பாராளுமன்றத்தில் அற்றுப்போயிற்று.

1964 ஒக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 975,000 மக்களுள் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. அனுப்பப்பட்டோருக்குத் தமிழில் இட்ட பெயர் 'தாயகம் திரும்பியோர்'. திரும்புவதற்கு முதலில் புறப்பட்டிருக்க வேண்டாமா? ஊவாவில் பிறந்து ஊவாவில் வளர்ந்தவன், தான் காணாத நாட்டுக்குச் செல்வது பயணமா, திரும்புதலா? பதுளையில் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறி, நீலகிரித் தேயிலை மலைகளில் மீண்டும் கொழுந்துக்கூடை சுமந்தவர்களை அங்குள்ளோர் அழைத்த பெயர் 'சிலோன்காரர்'. இங்கே 'எந்த ஊர்?' என்றால் திருச்சி. அங்கே 'எந்த ஊர்?' என்றால் பதுளை!

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு, வம்சாவளிப் பிரஜைக்கும் பதிவுப் பிரஜைக்கும் இடையே வேறுபாடு காட்டலாகாது என விதித்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டமும், 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் எஞ்சிய நாடற்றோர்க்கு உரிமை அளித்தன. 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிரந்தரமாக வசித்துவந்த இந்திய வம்சாவளியினர்க்கும் அவர்தம் சந்ததியினர்க்கும் அதுவே தகுதியென 2003ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றது. அன்று கதவை அடைத்த 'வசிப்பு' என்ற அதே சொல், ஐம்பத்துநான்கு ஆண்டுகளின் பின் கதவைத் திறந்தது! சொல் மாறவில்லை, அதற்குப் பொருள் உரைத்தோரின் மனமும், உரைக்கச் செய்த போராட்டமுமே மாறின.

எனினும் அச்சட்டத்தின் தலைப்பில் இருப்பது 'வழங்குதல்' என்னும் சொல். வழங்குதல் வேறு, ஒப்புக்கொள்ளுதல் வேறு. இல்லாததை ஈவது முன்னது. உள்ளதை உணர்வது பின்னது. இம்மண்ணைத் தேயிலைத் தோட்டமாக்கியோர் பெற்றது தானமன்று.

மறுநாள் அம்மாணவனிடம் நான் கூறியது இதுதான்: "உன் முன்னோரின் ஊரை மறவாதே. ஆனால், உன் ஊர் எதுவென்று உன்னைக் கேட்டால், பதுளை என்று எழுது." அவன் எழுதினான். அதை எழுதுவதற்கு அவனுடைய பாட்டனுக்கு உரிமை இருக்கவில்லை.