குடிபோதை வழக்குகளும் குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமையும்

1897-ஆம் ஆண்டு செப்டம்பர் 10. லண்டன் பாண்ட் தெருவில் மின்சார வாடகை வண்டி ஒன்று கட்டடம் ஒன்றின் மீது மோதியது. ஓட்டியவர் ஜார்ஜ் ஸ்மித் என்ற 25 வயது இளைஞர். குடித்திருந்ததை அவர் ஒப்புக்கொண்டார், அபராதம் விதிக்கப்பட்டது. குடித்துவிட்டு மோட்டார் வாகனம் ஓட்டியதற்காகக் கைதான முதல் மனிதர் இவரே என்பர்.

அவர் ஒப்புக்கொண்டதால் வழக்கு எளிதில் முடிந்தது. மறுத்திருந்தால்? அக்காலத்தில் சாட்சியம் என்பது வாய் நாற்றம், தள்ளாடும் நடை, குழறும் பேச்சு ஆகியவைதான். காவலர் சொல் ஒரு பக்கம், ஓட்டுநர் சொல் மறுபக்கம்.

கருவிகள் வந்தன

இந்நிலையை மாற்றியது அமெரிக்காவின் இண்டியானா மாநிலம். பேராசிரியர் ரோலா ஹார்கர் 1930-களில் 'டிரங்கோமீட்டர்' என்ற கருவியை உருவாக்கினார். 1954-இல் ராபர்ட் போர்க்கன்ஸ்டைன் 'பிரெத்தலைசர்' கருவியைக் கண்டுபிடித்தார். மூச்சிலுள்ள ஆல்கஹால் பட்டதும் பொட்டாசியம் டைகுரோமேட் கரைசலின் மஞ்சள் நிறம் மங்கும். எவ்வளவு மங்கியது என்பதிலிருந்து போதையின் அளவு கணக்கிடப்படும்.

ஆனால் கருவி அளப்பது மூச்சை. சட்டம் கேட்பதோ இரத்தத்தின் அளவை. 2100 மில்லி லிட்டர் மூச்சிலுள்ள ஆல்கஹால், 1 மில்லி லிட்டர் இரத்தத்தில் உள்ளதற்குச் சமம் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டார்கள். இவ்விகிதம் ஆளுக்கு ஆள் மாறும். மேலும், சோதனைக்குச் சற்று முன் ஏப்பம் விட்டிருந்தாலும் அளவு கூடுதலாகக் காட்டக்கூடும். எதிர்த்தரப்பு வழக்கறிஞர்கள் பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான்.

நீதிமன்றத் தீர்ப்புகள்

1964-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் விபத்துக்குள்ளான ஷ்மெர்பர் என்பவரிடம் மருத்துவமனையில் இரத்தம் எடுக்கப்பட்டது. வழக்கறிஞரின் யோசனைப்படி அவர் மறுத்தும் பயனில்லை. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லாதிருக்கும் உரிமை வாய்ச்சொல்லுக்குத்தான், இரத்தத்திற்கு இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1966-இல் 5-4 என்ற கணக்கில் கூறியது.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லாதவர் என்ன செய்வார்? ஃபுளோரிடா சிறையிலிருந்து பென்சிலால் மனு எழுதிய கிடியன், 1963-இல் அதற்கு விடை பெற்றுத் தந்தார். கடும் குற்ற வழக்கில் ஏழைக்கு அரசே வழக்கறிஞர் தர வேண்டும் என்று தீர்ப்பானது. மறுவிசாரணையில் அவர் விடுதலையானார். சிறைத்தண்டனை விதிக்கப்படும் சிறு குற்றங்களுக்கும் இவ்வுரிமை 1972-இல் விரிந்தது. குடிபோதை வழக்குகளில் பெரும்பாலானவை இவ்வகையைச் சேர்ந்தவை.

பின்னர் தராசு மெல்ல மறுபக்கமும் சாய்ந்தது. 2011-இல் நியூ மெக்சிகோவிலிருந்து வந்த வழக்கில், இரத்தத்தைப் பரிசோதித்த ஆய்வாளருக்குப் பதிலாக வேறொருவர் சாட்சி சொன்னால் போதாது என்று தீர்ப்பு வந்தது. பொதுவாக நீதிபதியின் ஆணையின்றி இரத்தம் எடுக்கலாகாது என 2013-இல் முடிவானது. கைதானவரிடம் மூச்சுச் சோதனைக்கு மட்டும் ஆணை தேவையில்லை என்று 2016-இல் தெளிவாக்கப்பட்டது.

குடித்துவிட்டு ஓட்டுபவனால் உயிர்கள் போகின்றன. கடுமையான சட்டம் தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் பழுதான கருவி ஒன்று குடிக்காதவனையும் குற்றவாளி ஆக்கிவிடலாம். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும் கேள்விகள் குடிகாரனைக் காப்பாற்ற மட்டுமல்ல, அந்தக் குடிக்காதவனைக் காப்பாற்றவும்தான்.