தோட்டப்புற மாலை வகுப்புகள்: ஒரு மதிப்பீடு

மலாயாத் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளின் வரலாறு பலராலும் எழுதப்பட்டுள்ளது. பள்ளி நேரம் முடிந்தபின் அதே பிள்ளைகள் எங்கே, எவரிடம் கற்றனர் என்பது அவ்வளவாக ஆராயப்படவில்லை. தோட்டத்துக் கல்வியின் நிறைகுறைகளை அறிய அந்த வரலாறும் இன்றியமையாதது.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 10 பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என விதித்தது. பள்ளி அமைந்தது, தகுதியுள்ள ஆசிரியர் எங்கும் அமையவில்லை. சில தோட்டங்களில் கங்காணியோ கிராணியோ பாடம் சொன்னார். பலவற்றில் ஓராசிரியரே எல்லா வகுப்புகளையும் நடத்தினார். பெற்றோர் விடியுமுன் 'பிரட்டு'க்குச் சென்றனர். மூத்த பிள்ளை தம்பி தங்கையரைக் கவனித்தது. லயத்து வீட்டில் படிக்க மேசையுமில்லை, ஐயம் கேட்க ஆளுமில்லை. இக்குறையை நிரப்பவே கோயில் மண்டபங்களிலும் மன்றக் கூடங்களிலும் மாலை வகுப்புகள் எழுந்தன.

விடுதலைக்குப் பின் தேவை மாறியது. தமிழ்ப்பள்ளி மாணவர், இடைநிலைப்பள்ளியில் சேருமுன் புகுமுக வகுப்பில் ஓராண்டு பயில வேண்டியிருந்தது. புதிய பயிற்றுமொழியில் தடுமாறியோர் பலர் இடையிலேயே படிப்பை விட்டனர். எனவே எழுத்தறிவித்த இரவுப்பள்ளி, தேர்வுக்கு ஆயத்தம் செய்யும் பிரத்தியேக வகுப்பாக உருமாறியது. 1979இல் கல்வி, சமூகநல ஆய்வு அறவாரியமும், 1982இல் டாக்டர் எம். தம்பிராஜாவின் தலைமையில் ஸ்ரீ முருகன் கல்வி நிலையமும் தோன்றின. சிதறிக் கிடந்த முயற்சிகள் அமைப்பு வடிவம் பெற்றன. பல்கலைக்கழக மாணவர்கள் தொண்டாசிரியர்களாக முன்வந்தனர்.

இவ்வகுப்புகளின் பயனை எதைக்கொண்டு அளப்பது? தேர்ச்சி விழுக்காடு ஒன்றையே பலரும் காட்டுவர். அது முழு உண்மையன்று. தவறாது வருபவர்கள் பெரும்பாலும் பெற்றோரின் அக்கறையைப் பெற்ற பிள்ளைகள்; அவர்கள் வகுப்பின்றியும் ஓரளவு தேறியிருக்கக்கூடும். தம்பியை இடுப்பில் சுமந்து வாசலில் நின்ற சிறுமி எந்தக் கணக்கிலும் இடம்பெறுவதில்லை. ஆகவே ஆண்டுத் தொடக்கத்தில் எத்தனை பேர் சேர்ந்தனர், இறுதிவரை எத்தனை பேர் நிலைத்தனர், விலகியவர் ஏன் விலகினர் என்பதே முதல் வினாவாதல் வேண்டும்.

அடுத்தது, வகுப்பு யாரை நம்பி நின்றது என்பது. ஒரே இளைஞரின் தொண்டில் நடந்த வகுப்பு, அவர் வேலை தேடிப் பட்டணம் சென்றதும் மூடப்படும். மூன்றாவது, அங்கே கற்பித்தல் நிகழ்ந்ததா, காலையில் நடந்த பாடமே மாலையில் மீண்டும் ஒப்பிக்கப்பட்டதா என்பது. புரியாத பாடத்தை இருமுறை கேட்பதால் மட்டும் அது புரிந்துவிடாது.

எனினும் மதிப்பெண்ணில் அடங்காத பயனொன்றும் உண்டு. முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளைக்கு, கேட்டால் விடை சொல்ல ஓர் அண்ணனோ அக்காளோ அங்கே கிடைத்தனர். தன்னைப்போலத் தோட்டத்தில் பிறந்தவர் பல்கலைக்கழகம் செல்ல இயலும் என்பதற்கு அவர்களே சான்றாயினர்.

1957இல் 888ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 500க்குச் சற்று மேற்பட்டனவே. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, மக்கள் நகர்ப்புற அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தனர். அவர்களோடு அந்தப் பழைய குறையும் பெயர்ந்து வந்துள்ளது. இன்று மாலை வகுப்பு நடத்தும் ஆசிரியர்கள், தேறியவர் பட்டியலோடு வராதவர் பட்டியலையும் எழுதி வைப்பாராக. எந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்பதை அதுவே காட்டும்.