மரவில் வெப்பப் பதப்படுத்தல்

மரவில் வெப்பப் பதப்படுத்தல் என்பது, மரத்திற் செதுக்கிய வில்லின் உட்புறத்தை உலர்வெப்பத்தால் கடினமாக்கும் முறை ஆகும். எய்பவரை நோக்கியுள்ள பக்கம் வில்லின் வயிறு என்றும், இலக்கை நோக்கியுள்ள பக்கம் முதுகு என்றும் அழைக்கப்படுகின்றன. நாணை இழுக்கும்போது வயிறு அமுக்கவிசைக்கும் முதுகு இழுவிசைக்கும் உட்படும். பெரும்பாலான மரங்கள் இழுவிசையைத் தாங்கும் அளவுக்கு அமுக்கவிசையைத் தாங்குவதில்லை. எனவே வயிற்றை மட்டும் வாட்டி அதன் அமுக்க வலிமையைக் கூட்டுகின்றனர். இதில் தவறு நேர்ந்தால் மரம் வெடிக்கும். பல வார உழைப்பு வீணாவதுடன், முழு இழுப்பில் முறியும் வில்லின் துண்டுகள் எய்பவரைக் காயப்படுத்தவும் கூடும்.

வெப்பத்தால் மரத்தை வளைப்பதும் அம்புத்தண்டுகளை நேராக்குவதும் பல பழங்குடியினரிடம் நெடுங்காலமாக உள்ள வழக்கங்கள். வயிற்றைப் பழுப்பு நிறம் வரும்வரை வாட்டும் இன்றைய முறை வட அமெரிக்காவில் பொழுதுபோக்காக வில் செய்வோரிடையே பரவியது. 2008 இல் வெளியான 'தி டிரெடிசனல் போயர்ஸ் பைபிள்' நூல்வரிசையின் நான்காம் தொகுதியில் இதற்கெனத் தனி இயல் உண்டு.

வெடிப்பு ஏற்படும் விதம்

வெடிப்புக்குக் காரணம் வெப்பம் அன்று. நீர் சீரற்று வெளியேறுவதே. மரத்தின் நீரளவு அதன் உலர் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காட்டிற்குக் கீழே இறங்கியதும் மரம் சுருங்கத் தொடங்குகிறது. ஆண்டு வளையத்தின் போக்கிலான சுருக்கம், ஆரையின் போக்கிலான சுருக்கத்தைப் போல் சுமார் இரு மடங்கு. நீளவாக்கில் சுருக்கம் மிகவும் குறைவு. சூடாகும்போது மேற்பரப்பு முதலில் உலர்ந்து சுருங்க முயல, ஈரமான உட்பகுதி அதைத் தடுக்கிறது. நார்களுக்குக் குறுக்கே இழுக்கப்படுவதே மரம் மிக எளிதில் பிளக்கும் திசையாதலால், மேற்பரப்பு நீளவாக்கில் பிளக்கிறது.

நாரின் போக்கிலேயே ஓடும் இத்தகைய மெல்லிய பிளவு பெரும்பாலும் கேடற்றது. நீர்த்த சயனோஅக்ரிலேட்டு பசையை ஊற விட்டு அடைத்துவிடலாம். பிளவு வில்லின் ஓரத்தில் வெளியேறினாலோ, முதுகில் குறுக்காகத் தோன்றினாலோ அவ்வில்லை இழுக்கக் கூடாது. வயிற்றில் குறுக்கே காணப்படும் மயிரிழை போன்ற கோடுகள் வேறு வகையைச் சேர்ந்தவை. அவை அமுக்கத்தால் நார்கள் நசுங்கியதைக் காட்டுவன.

வாட்டுவதற்கு முன்னும் வாட்டும்போதும்

பச்சை மரத்தையோ அரைகுறையாக உலர்ந்த மரத்தையோ வாட்டினால் வெடிப்பு ஏறக்குறைய உறுதி. காற்றின் ஈரப்பதன் 50 விழுக்காடாக உள்ள இடத்தில் மரத்தின் நீரளவு ஏறத்தாழ 9 விழுக்காட்டிலும், 65 விழுக்காடாக உள்ள இடத்தில் 12 விழுக்காட்டிலும் நிலைகொள்ளும். 8 முதல் 10 விழுக்காடு வரை உலர்ந்தபின் தொடங்குவது நல்லது. நீர் வேகமாக வெளியேறுவது மரத்தின் முனைகள் வழியாகவே ஆதலால், உலர்த்தும் காலத்தில் முனைகளுக்கு அரக்கோ மெழுகோ பூசி வைப்பர். தடித்த கட்டையை விட, இறுதி வடிவை நெருங்கும் அளவுக்குச் செதுக்கிய வில்லே சீராகச் சூடாகும். கைப்பிடியை அடுத்து, தடிப்பு திடீரென மாறும் இடங்களில் கூடுதல் கவனம் தேவை. வில்லை அச்சுக்கட்டையில் இறுக்கிக் கட்டி, வெப்பக்காற்றுக் கருவியைச் சில அங்குலம் தள்ளிப் பிடித்து, சிறு சிறு பகுதிகளாக வாட்டுவர். வேலை முடியப் பல மணி நேரம் ஆவதும் உண்டு. அவசரப்பட்டால் மேற்பரப்பு கருகுமே அன்றி வெப்பம் உள்ளே இறங்காது. கணுக்களின் மீது எண்ணெயோ கொழுப்போ பூசினால் நீர் வெளியேறுவது மட்டுப்படும். முதுகு நிறம் மாறக் கூடாது.

மீள ஈரமேறல்

புதிதாகச் செய்வோர் வில்லை முறிப்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். வாட்டிய வில் வெடிப்பின்றித் தோன்றினாலும் அதன் முதுகும் மிகையாக உலர்ந்திருக்கும். மிகையாக உலர்ந்த மரம் இழுவிசையில் நொறுங்கும். அன்றே வளைத்துப் பார்த்தால் வில் போய்விடும். காற்றிலிருந்து நீர் மீண்டும் ஏறும்வரை சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை காத்திருக்க வேண்டும்.

இதை ஊகிக்கத் தேவையில்லை, சமையலறைத் தராசே போதும். எடுத்துக்காட்டாக, 9 விழுக்காடு நீருள்ள 600 கிராம் வில்லில் உலர்மரம் சுமார் 550 கிராம், நீர் சுமார் 50 கிராம். நீரளவு 5 விழுக்காடாகக் குறைந்தால் எடை ஏறத்தாழ 578 கிராம் ஆகும். நாள்தோறும் நிறுத்து, எடை ஏறுவது நின்ற பிறகே நாண் ஏற்ற வேண்டும். வாட்டிய மரத்தின் நீரேற்கும் தன்மை நிலையாகக் குறைந்துவிடுவதால், பழைய எடை முழுவதும் திரும்பும் என எதிர்பார்க்க இயலாது.

பின்லாந்தில் 1990களில் உருவான மரப் பதப்படுத்தல் தொழிலிலும் இதே சிக்கல் உண்டு. அங்கு 185 முதல் 215 பாகை செல்சியசு வரை சூடாக்கும்போது மரம் எரியாமலும் வெடிக்காமலும் இருக்க நீராவி செலுத்தப்படுகிறது. குளிர்விக்கும்போது நீர் தெளித்து, நீரளவு 4 முதல் 7 விழுக்காட்டிற்கு உயர்த்தப்படுகிறது.

ஏற்ற மரங்கள்

ஹிக்கரி, எல்ம், மேப்பிள் போன்ற வெளிர்நிற மரங்கள் இம்முறையால் மிகுந்த பயன் பெறுகின்றன. இவற்றுள் ஹிக்கரியின் முதுகு இழுவிசையில் மிக வலியது. பலாவின் குடும்பத்தைச் சேர்ந்த ஓசேஜ் ஆரஞ்சு மரத்தின் வைரம் இயல்பாகவே அமுக்கத்தைத் தாங்குவதால் அதற்கு இத்தேவை குறைவு. செர்ரி போன்று இழுவிசையில் நலிந்த மரங்களின் வயிற்றை மிகையாகக் கடினமாக்கினால் சுமை முதுகுக்கு மாறி, முதுகு முறியக்கூடும். முதுகில் விலங்கின் தசைநாரையோ வேறு பட்டையையோ ஒட்டுவதாயின், வாட்டலும் ஈரமேறலும் முடிந்த பின்னரே ஒட்டுவது பாதுகாப்பானது.