பெயர்த்தெழுதும் நொதிகள்

அரியதோர் ஓலைச்சுவடியை வைத்திருப்பவர் மூல ஏட்டை வெளியே கொடுப்பதில்லை. அதைப் பார்த்துப் பெயர்த்தெழுதிய படியையே கொடுப்பார். நம் உயிரணுக்களும் இவ்வாறே செய்கின்றன. உட்கருவினுள் காக்கப்படும் டி.என்.ஏ. மூல ஏடு, அதைப் பார்த்து எழுதப்படும் படி ஆர்.என்.ஏ.; எழுதும் கை, ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் என்னும் நொதி. அந்தக் கை ஒன்றா, பலவா? விலங்குகளின் உயிரணுவைப் பொறுத்தவரை இவ்வினாவுக்கு விடை கிடைக்கப் பத்தாண்டுகள் ஆயின. அந்த வரலாற்றைச் சிறிது காண்போம்.

டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் வடிவம் 1953ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இரண்டே ஆண்டுகளில், நியூயார்க்கில் செவரோ ஒச்சோவாவின் ஆய்வுக்கூடத்தில் மரியான் குருன்பர்க்-மனாகோ என்னும் அம்மையார், சோதனைக் குழாயில் ஆர்.என்.ஏ. இழையைக் கோக்கும் நொதி ஒன்றைக் கண்டார். 1959ஆம் ஆண்டு நோபல் பரிசு ஒச்சோவாவுக்கும், டி.என்.ஏ.யை ஆக்கும் நொதியைக் கண்ட ஆர்தர் கார்ன்பர்க்குக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. எனினும் ஒச்சோவாவின் நொதி ஏடு பார்த்து எழுதுவதன்று. எதிரில் கிடைத்த எழுத்துக்களைக் கிடைத்தபடி கோப்பது. மரபுச் செய்தியின் குறியீட்டைப் படித்தறிய அது பெரிதும் உதவிற்று. ஆயினும் பெயர்த்தெழுதும் கை அதுவன்று.

உண்மையான கை வெளிப்பட்டதும் அதே 1959ஆம் ஆண்டில்தான். சிக்காகோவில் சாமுவேல் வைஸ், லெனார்டு கிளாட்ஸ்டன் ஆகிய இருவரும் எலியின் கல்லீரலிலிருந்து உட்கருக்களைப் பிரித்து ஆராய்ந்தனர். ஆர்.என்.ஏ.யின் எழுத்துக்களாகிய நான்கு நியூக்ளியோட்டைடுகளும் ஒருங்கே இருந்தபோதுதான் இழை நன்கு வளர்ந்தது. டி.என்.ஏ.யைச் சிதைத்தால் வேலை நின்றது. ஏட்டைப் பார்த்தே எழுதும் நொதி இது என்பது விளங்கிற்று. அடுத்த ஆண்டே பாக்டீரியாவிலும் பட்டாணிச் செடியிலும் இத்தகைய நொதி காணப்பட்டது.

பாக்டீரியாவின் நொதியைத் தூய்மையாகப் பிரித்தெடுப்பது எளிதாயிருந்தது. விலங்கின் நொதியோ டி.என்.ஏ.யையும் புரதங்களையும் இறுகப் பற்றிக்கொண்டு பிரிய மறுத்தது. இதற்கிடையில், பம்பாயில் பிறந்து லண்டனில் ஆராய்ச்சி செய்த ஜாம்ஷெட் டாட்டாவும் அவருடைய துணைவர் விட்னெல்லும் 1966ஆம் ஆண்டில் ஒரு குறிப்பை வெளியிட்டனர். கரைசலில் உள்ள உப்புக்களை மாற்றினால், ஒரே உட்கரு வேறுவகை ஆர்.என்.ஏ.யை எழுதுகிறது என்பதே அது. ஒரே கை இரு விதமாக எழுதுகிறதா, அன்றிக் கைகளே வேறா என்னும் ஐயம் எழுந்தது.

அவ்வையத்தை 1969ஆம் ஆண்டில் ராபர்ட் ரோடர் தீர்த்தார். அவர் அப்போது அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ரட்டரிடம் பயின்ற மாணவர். கடல்முள்ளெலியின் கருக்களிலிருந்தும் எலியின் கல்லீரலிலிருந்தும் நொதியை மிகுந்த உப்பும் ஒலியதிர்ச்சியும் கொண்டு விடுவித்து, பிரிக்கும் பொருள் நிறைந்த குழாயின் வழியே வடியவிட்டார். நொதி ஒன்றாக வடியவில்லை. தனித்தனியாக மூன்று வகைகள் வெளிவந்தன. வந்த வரிசைப்படியே அவை முதலாவது, இரண்டாவது, மூன்றாவது பாலிமரேஸ் எனப் பெயர் பெற்றன.

மூன்றுக்கும் தொழில் வேறு. உட்கருவினுள் செறிந்த புள்ளியாகத் தோன்றும் நியூக்ளியோலஸில் இருந்துகொண்டு, புரதம் ஆக்கும் ரைபோசோமுக்குரிய பெரிய ஆர்.என்.ஏ.க்களை முதலாவது எழுதுகிறது. புரதங்களுக்கான கட்டளைகளை ஏந்திச் செல்லும் தூது ஆர்.என்.ஏ.யை இரண்டாவது எழுதுகிறது. அமினோ அமிலங்களைச் சுமந்துவரும் சிறு ஆர்.என்.ஏ. போன்றவற்றை மூன்றாவது எழுதுகிறது.

இப்பாகுபாட்டை உறுதிசெய்தது ஒரு கொடிய நஞ்சு. ஐரோப்பியக் காடுகளில் முளைக்கும் ‘மரணத் தொப்பி’ என்னும் காளானை உண்டவர், முதலில் வாந்தி பேதியால் வருந்தி, பின் தேறியதுபோல் தோன்றி, அதன்பின் கல்லீரல் கெட்டு இறப்பதுண்டு. அதிலுள்ள அமானிட்டின் மிகச் சிறிதளவிலேயே இரண்டாவது நொதியை நிறுத்துகிறது என்று 1970ஆம் ஆண்டில் அறியப்பட்டது. மூன்றாவதை நிறுத்த மிகுதியான அளவு வேண்டும். முதலாவது அதற்கு அசைவதில்லை. தூது எழுதப்படாவிடில் புதிய புரதம் இல்லை. புரதம் இல்லையேல் கல்லீரல் உயிரணு மடிகிறது. இந்நொதியின் வேலை நமக்கு எத்துணை இன்றியமையாதது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

நொதியின் வடிவம் புலப்பட மேலும் முப்பது ஆண்டுகள் சென்றன. முதல் நொதியில் 14, இரண்டாவதில் 12, மூன்றாவதில் 17 புரதக் கூறுகள் உள்ளன. 2001ஆம் ஆண்டில் ரோஜர் கார்ன்பர்க் குழுவினர், ஈஸ்ட்டின் இரண்டாவது நொதியை எக்ஸ் கதிர்களால் படம்பிடித்தனர். நடுவே ஆழ்ந்த பிளவு, டி.என்.ஏ.யைப் பற்றிக்கொள்ளும் அசையும் இடுக்கி. எழுத்தோடு எழுத்து இணையும் இடத்தில் மக்னீசியம். காளான் நஞ்சு பொருந்தி அமரும் இடமும் அடுத்த ஆண்டில் தெரிந்தது. மாட்டின் நொதியும் பெரும்பாலும் இவ்வமைப்பே உடையது என்பது 2016ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

1959ஆம் ஆண்டில் பரிசு பெற்ற தந்தையுடன் ஸ்டாக்ஹோம் சென்ற பன்னிரண்டு வயதுச் சிறுவரே இந்த ரோஜர் கார்ன்பர்க். 2006ஆம் ஆண்டில் அதே நகரில் வேதியியலுக்கான நோபல் பரிசை அவர் பெற்றார். ஒரு தலைமுறை தொடங்கிய வினாவுக்கு மறு தலைமுறை விடை கூறிற்று. இடையில் உழைத்தவர்கள் பலர். எலியின் கல்லீரலும் கடல்முள்ளெலியின் கருவும் நச்சுக் காளானும் அவர்களுக்குத் துணைநின்றன.