மண் தின்ற பிள்ளைகள்

நெகிரி செம்பிலான் இரப்பர்த் தோட்டங்களில் பிள்ளை வளர்த்த பெற்றோரை வருத்திய குறைகளுள் முதன்மையானது காய்ச்சல். மற்றொன்று பிள்ளை மண் தின்பது. முன்னதை நோய் என்று அறிந்திருந்தனர். பின்னதைத் தீய பழக்கமென்று கருதி அடித்துத் திருத்த முற்பட்டனர்.

காய்ச்சலுக்கு நிலமே துணை நின்றது. 1901 ஆம் ஆண்டு கிள்ளானில் பணியேற்ற மருத்துவர் மால்கம் வாட்சன், கரையோரச் சமவெளியில் காட்டை அழித்து நீரை வடித்து மலேரியாவைக் குறைத்தார். அதே முறை குன்றுப்பாங்கான தோட்டங்களில் எதிர்ப்பயனைத் தந்தது. வெயில்படும் தெளிந்த ஓடைகளில் முட்டையிடும் அனோபிலிஸ் மாக்குலாட்டஸ் என்னும் கொசு, காடு வெட்டிய சரிவுகளில் பெருகிற்று. நெகிரி செம்பிலானின் உட்பகுதி பெரிதும் இத்தகைய நிலமே. ஓடைகளை நிலத்தடிக் குழாய்களுள் செலுத்துவதும் எண்ணெய் தெளிப்பதும் இதனால் வந்த வழக்கங்கள். ஒரு தோட்டத்தின் நிலையை அளக்க மருத்துவர் பிள்ளைகளின் இடப்பக்க வயிற்றைத் தடவிப் பார்த்தனர். மண்ணீரல் வீங்கியவர் நூற்றுக்கு எத்தனை பேர் என்பதே அளவுகோல். தாய்மார் வயிற்றுக்கட்டி என்றதும் இதனையே.

மண் தின்னலின் கதை வேறு. கழிப்பிடம் இல்லாத இடங்களில், நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் கொக்கிப்புழு வளரும். செருப்பில்லாத காலின் விரலிடுக்கில் புகுந்து, நுரையீரல் வழியாகக் குடலை அடைந்து, அங்கே குருதியை உறிஞ்சும். குருதியில் இரும்புச்சத்து குன்றிய பிள்ளைக்கு மண்ணின் மேல் ஆசை பிறப்பதுண்டு. வெளிறிய முகமும் ஓயாத அயர்வும் உடன் வரும். பத்துப் பிள்ளைகளோ அதற்கு மேலோ உள்ள தோட்டத்தில் பள்ளி வேண்டுமென 1923 ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்த பிறகு, இந்த அயர்வு வகுப்பறைக்கும் வந்தது. அங்கே அதற்குச் சோம்பல் என்று பெயர். பிரம்படி பெற்ற பிள்ளைகளுள் எத்தனை பேருக்கு வேண்டியிருந்தது புழுமருந்தும் இரும்புச்சத்துமோ!

1942 முதல் 1945 வரை நடந்த சப்பானியர் ஆட்சியில் கொசு ஒழிப்புப் பணி சீர்குலைந்தது, கொயினா அரிதாயிற்று, தந்தையர் பலர் சயாம் இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர்.

விடியுமுன் பால்மரம் வெட்டப் புறப்படும் தாய், உறங்கும் குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் சென்றாள். அங்கே பெரும்பாலும் ஒரு முதியவளே காவல். கொட்டகையில் இடமில்லாத குழந்தைக்கு அக்காளே ஆயா. அவள் பள்ளிக்குச் செல்லவில்லை. தொழிலாளர் வீட்டுவசதி பற்றிய 1990 ஆம் ஆண்டுச் சட்டத்திலும் குழந்தைக் காப்பகத்துக்கு விதி உண்டு. அதற்குள் தோட்டங்கள் பல செம்பனைக்கு மாறியிருந்தன. குடும்பங்கள் சிரம்பான், நீலாய்ப் பக்கம் பெயரத் தொடங்கியிருந்தன.