துருவும் பழைய மோட்டார் காரும்

மழையில் நனைந்த இரும்பு ஆணி சில நாட்களில் செந்நிறமாகிவிடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதே துரு, தினமும் சாலையில் ஓடும் பழைய கார் ஒன்றின் ஆயுளையே முடித்துவிடக்கூடும். இதைத் தடுக்கும் வழியை, கார் பிறப்பதற்கு முன்பே விஞ்ஞானிகள் அறிந்திருந்தார்கள். ஆயினும் அது கார்த் தொழிற்சாலைக்குள் நுழைய நெடுங்காலம் பிடித்தது. ஏன்?

துரு என்றால் என்ன?

இரும்பு, நீர், ஆக்சிஜன் மூன்றும் சேரும்போது நீரேறிய இரும்பு ஆக்சைடு உண்டாகிறது. இதுவே துரு. அலுமினியத்தின்மேல் படியும் ஆக்சைடு கெட்டியாக ஒட்டிக்கொண்டு உலோகத்தைக் காக்கிறது. துருவோ பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. அடியிலுள்ள இரும்பும் தொடர்ந்து அரிபடுகிறது. துருப்பிடிக்கும் இடம் ஒரு சிறு மின்கலமே. நீரில் உப்பு கரைந்திருந்தால் மின்னோட்டம் எளிதாகச் செல்லும், அரிப்பும் விரைவாகும்.

எலும்பைத் தின்ற துரு

1948இல் இங்கிலாந்தில், அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மோரிஸ் மைனர் வெளிவந்தது. பத்து லட்சத்தை எட்டிய முதல் பிரிட்டிஷ் கார் இதுதான். முந்திய கார்கள் பலவற்றில் கனமான அடிச்சட்டம் தனியாக இருந்தது. மேற்கூடு துருப்பிடித்தாலும் சட்டம் சுமையைத் தாங்கும். மைனரிலோ தகட்டுக் கூடே சுமையைத் தாங்கியது. எடை குறைந்தது. ஆனால், துரு வண்டியின் எலும்பையே தின்னத் தொடங்கியது.

பிரிட்டனில் குளிர்காலப் பனிக்கட்டியை உருக்கச் சாலைகளில் உப்புத் தூவுவார்கள். சக்கரங்கள் வாரியடிக்கும் உப்புச் சேறு, கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகடுகளிலும், பின்புற ஸ்பிரிங் பட்டைகளை மாட்டிய இடங்களிலும் தங்கியது. சேற்றுக்கடியில் ஆக்சிஜன் குறைவு. அத்தகைய இடமே மின்கலத்தின் நேர்மின்வாயாகி அரிபடுகிறது. வெளியே பெயிண்ட் பளபளக்கும். உள்ளே தகடு காகிதம்போல் மெலிந்திருக்கும்.

தன்னையே தரும் துத்தநாகம்

1824இல் ஹம்ப்ரி டேவி, பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் செப்புத் தகடுகள் கடல்நீரில் அரிபடுவதை ஆராய்ந்தார். இரும்பு அல்லது துத்தநாகத் துண்டுகளைச் செம்போடு இணைத்தால், அவை தாம் அரிபட்டுச் செம்பைக் காப்பதைக் கண்டார். 1837இல் பிரான்சில் சோரெல் என்பவர், உருகிய துத்தநாகத்தில் இரும்பை முக்கியெடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். வீட்டு இரும்பு வாளியின்மேல் இருப்பது இந்த முலாமே. இதில் கீறல் விழுந்தாலும், துத்தநாகம் முதலில் அரிபட்டு இரும்பைக் காக்கும். வெறும் பெயிண்டால் இது இயலாது.

வாளிக்குக் கிடைத்த பாதுகாப்பு ஏன் காருக்குக் கிடைக்கவில்லை? முலாம் பூசிய தகட்டைப் பற்றவைப்பதும், அதன்மேல் பெயிண்டை ஒட்டவைப்பதும் கடினம், செலவும் அதிகம். போர்ஷே நிறுவனம் தன் 911 காரின் கூட்டுக்கு அத்தகைய தகட்டைப் பயன்படுத்தத் தொடங்கியது 1975இல்தான். டேவியின் ஆய்வுக்குப்பின் 151 ஆண்டுகள்!

இன்று நாம் செய்யக்கூடியது

முலாம் இல்லாத பழைய கார்கள் இன்றும் அன்றாடம் ஓடுகின்றன. அப்படி ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால், அடிப்பாகத்துச் சேற்றை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். கதவின் அடியிலுள்ள வடிகால் துளைகள் அடைபடாமல் பாருங்கள். சுமை தாங்கும் தகட்டில் ஓட்டை விழுந்தால், பட்டி தடவிப் பெயிண்ட் அடித்து மறைக்காதீர்கள். பட்டி ஓட்டையை மறைக்கும், சுமையைத் தாங்காது. துருவேறிய பகுதியை வெட்டியெடுத்துப் புதுத் தகட்டைப் பற்றவைப்பதே பயணம் செய்வோரின் உயிருக்குப் பாதுகாப்பு.